மார்கழி அர்ச்சனையும் என் உயர்தரப் பரீட்சையும்

உயர்தரப் பரீட்சையை இரண்டாவது தடவையும் எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. முதல் தடவை உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் எஸ் எடுத்திருந்தேன். அதாவது பாஸ். ஆனால் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழக வாசலை எட்டிப் பார்ப்பதற்குக்கூட உதவாத பாஸ். பக்கத்துக் காம்பரா அக்கா, "பேசாம பாலர் பாடசாலைக்கு டீச்சரா போயிரு புள்ள, ஒனக்கு ஏன் இந்த வேல" என்றார். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று இன்னொருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் பயோ எடுத்ததே திமிர் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். பன்வில பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும் மட்டும்தான் இருந்தன. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த நான் எதற்காக அங்கே உட்கார்ந்து வேறு பாடம் படிக்க வேண்டும்? கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தேன். தினமும் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். மூன்று எஸ் எடுத்ததற்கு அந்த நாலு மணித்தியாலம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் பௌதிகம் விளங்கவில்லை, அதுதான் காரணம். விளங்காததை விளங்கிக்கொள்ள இன்னொரு வருடம் வேண்டும் என்று கேட்டேன், அவ்வளவுதான். அதைத் திமிர் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது தடவை எழுதுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, சீருடை கிடையாது. எல்லாம் டியூஷனும் சொந்தப் படிப்பும்தான். சனியும் ஞாயிறும் கண்டிக்குப் போவேன். இரசாயனத்துக்கு யாழ்ப்பாணத்துச் சேர் ஒருவர். பலகையை நிரப்பிவிட்டுத் திரும்பி, "விளங்கினதோ?" என்பார். மலைநாட்டுப் பிள்ளைகள், மடவளை முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவர் பாஷையிலேயே "ஓம் சேர்" என்போம். பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. பௌதிகத்துக்கு நடந்த ஒரே தமிழ் வகுப்பு முடியும் நேரத்தில் எனக்குக் கடைசி பஸ் போய்விடும். அதனால் சிங்கள வகுப்பில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சேர் சிங்களத்தில் சொல்வதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாடப்புத்தகத்தை மடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழுக்கு மாற்றுவேன். வத்தேகமவில் கூட்டம் இறங்கினால்தான் உட்கார இடம் கிடைக்கும், அதுவரைக்கும் நின்றுகொண்டே மாற்றுவேன். கண்டக்டர் ஒருநாள் என் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு இது என்ன பாஷை என்று சிங்களத்தில் கேட்டார். பௌதிகம் என்றேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. கெம்பஸுக்கு மாவட்டம் மாவட்டமாகத்தான் ஆள் எடுப்பார்கள். எங்களுடையதைப் போன்ற ஒரு தோட்டம் நுவரெலியா மாவட்டத்தில் இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைந்த புள்ளி போதும். எங்கள் தோட்டம் கண்டி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே நான், டவுனில் பெரிய பெரிய பள்ளிக்கூடங்களில் ஆய்வுகூடமும் நூலகமும் வைத்துப் படிக்கும் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நின்றேன். யாரிடமும் போய் எனக்கு வேறு வரிசை வேண்டும் என்று கேட்கவில்லை. படிக்க நேரம் மட்டும்தான் கேட்டேன். அதற்குத்தான் அவ்வளவு கலாட்டா.

எங்கள் வீடு படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி, முன்னால் திண்ணையாக ஒரு இஸ்தோப்பு. அப்பா, அம்மா, தங்கை, நான். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். பகலில் தண்ணீர் பிடிப்பதும் சமைப்பதும் என் பொறுப்பு. பின்னேரம் ஆனால் எங்கள் டீவி மட்டுமல்ல, சுவருக்கு அந்தப் பக்கத்து டீவியும் எங்களுக்காகவே ஓடும். அதனால் நான் எட்டு மணிக்கே போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பினால் ஆறு மணி வரை குசினி என்னுடையது. உயர்தரத்தில் ஒரு எம்.சி.கியூ பேப்பருக்குக் கொடுக்கும் நேரமும் அதே இரண்டு மணித்தியாலம்தான். நாலு மணிக்குப் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வைத்து, ஆறு மணிக்குப் பேனாவைக் கீழே வைப்பேன். ஐம்பது கேள்வி. அம்மா எழும்பி அடுப்பு மூட்டும்போது நான் விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் இருபதுக்கு மேல் போகவில்லை. கார்த்திகை முடியும்போது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அம்மாவிடம் சொன்னேன். "அம்பதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

அந்த வருடம் பரீட்சை பிந்திப்போய் ஜனவரி தொடக்கத்தில் விழுந்தது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே டியூஷன் வகுப்புகளையெல்லாம் நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே கடைசி நாட்களில் எனக்கு மிஞ்சப்போவது அந்த விடியற்காலை மட்டும்தான். விடியற்காலை இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தபோது மார்கழி பிறந்தது.

மார்கழி என்றால் எங்கள் தோட்டத்தில் அப்பாவின் மாதம். வருடா வருடம் ஐந்து மணிக்கு அம்மன் கோயிலில் ஸ்பீக்கரைப் போட்டு அப்பாதான் பஜனை பாடுவார். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நல்ல குரல் அப்பாவுக்கு. ஃபெக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசுகிறவர், கோயிலில் பாடும்போது வேறு ஆளாகிவிடுவார். அந்த அரை மணித்தியாலத்தை நானும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். காதில் பஞ்சு வைத்தால் போயிற்று.

ஆனால் அந்த வருடம் கோயில் கமிட்டி கூடி ஒரு புது முடிவு எடுத்தது. தோட்டத்திலிருந்து ஆறு பேர் உயர்தரம் எழுதுகிறோம். கலைப்பிரிவிலும் வர்த்தகத்திலும் முதல் தடவை எழுதும் ஐந்து பேர், அப்புறம் நான். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்தான் கோயில் கமிட்டிக்கும் தலைவர். முந்தின வருடம் தோட்டத்திலிருந்து ஒருவரும் கெம்பஸ் போகாதது அவருக்கு உண்மையிலேயே மனவருத்தம். ஆகவே மார்கழி முழுவதும், பொங்கல் வரை, இந்த ஆறு பேருக்காக ஒவ்வொரு நாளும் விசேஷ அர்ச்சனை. நேரம் நாலரை மணி. பெயர், நட்சத்திரம் எல்லாம் ஸ்பீக்கரில் சொல்லப்படும். பரீட்சை எழுதுகிறவர்கள் குளித்துவிட்டு, எழுதப்போகும் பேனாவோடு, நேரில் வந்து நின்று விபூதி வாங்க வேண்டும். பிறகு அப்பாவின் பஜனை, பிறகு சுண்டல். எல்லாம் முடிய ஆறு மணி.

பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தைப் பிடுங்கி, அதே பரீட்சைக்காக அர்ச்சனை செய்வது! இந்த யோசனை எங்கள் தோட்டத்தைத் தவிர வேறு எங்கேயாவது யாருக்காவது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் நாங்கள் படிக்கிறோம் என்பது கமிட்டியில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எல்லோரும் தூங்கும் நேரம் என்று நினைத்துவிட்டார்கள். ஆறு பேரிடமும் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். எங்களிடம் ஏன் கேட்கப்போகிறார்கள்?

முதல் ஐந்து நாள் நானும் போனேன். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்து, தலை ஈரம் சொட்டச் சொட்ட, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற ஐந்து பேரும் நின்றபடியே தூங்கினார்கள். "இரண்டாந்தரம் பரீட்சை எழுதும்" என்ற அடைமொழியோடு என் பெயரும் நட்சத்திரமும் மலை முழுக்கக் கேட்டன. நாலாம் நாள் அப்பாவிடம் சொன்னேன். "சாமி காரியம்மா, ஒங்களுக்காகத்தானே செய்றாங்க" என்றார். ஐந்தாம் நாள் தலைவரிடமே போய், பூசையை நேரம் மாற்றி வைக்கும்படி கேட்டேன். "ஆறு மணிக்கு வெச்சா பெரட்டுக்கு யாரு போறது?" என்று கேட்டார். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம். நியாயம்தான். அப்படியென்றால் பின்னேரம் வையுங்கள் என்றேன். சிரித்துவிட்டு என் தலையைத் தடவினார். "நீ படி பாப்பா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார். படிக்க விட்டால்தானே படிக்கலாம்!

ஆறாம் நாள் நான் கோயிலுக்குப் போகாமல் குசினியில் பௌதிகப் பேப்பரை விரித்து வைத்தேன். பன்னிரண்டாம் கேள்வியில் ஸ்பீக்கர் தொடங்கியது. என் பெயரைச் சொன்னார்கள், நட்சத்திரத்தைச் சொன்னார்கள், நான் வரவில்லை என்பதையும் சொன்னார்கள். இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நான் எழும்பினேன். செருப்பைக்கூட மாட்டவில்லை. நேரே கோயிலுக்குப் போய், சுவர் ஓரமாக இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்பா அப்போது பஜனையைத் தொடங்கியிருந்தார். ஸ்பீக்கர் நின்றுபோனது அவருக்குத் தெரியவில்லை, இன்னும் இரண்டு வரி பாடினார். பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். வயர் என் கையில் இருந்தது.

"என்ன புள்ள செய்ற?" என்றார் தலைவர்.

"மாமா, இதுதான் நாங்க படிக்கிற நேரம். ஸ்பீக்கர் இல்லாம பூச வைங்க. எங்களக் கூப்புடாதீங்க."

"சாமிக்கு நீ நேரம் சொல்றியா?"

"நேரத்த மாத்தினது நீங்கதானே மாமா. போன வருஷம் அஞ்சு மணிக்குத்தானே இருந்துச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் தலைவரைச் சுட்டிருக்க வேண்டும். நான் பிளக்கைத் திரும்ப மாட்டாமலே வீட்டுக்கு வந்தேன். பயம் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது. ஆனாலும் மிச்சக் கேள்விகளைச் செய்து முடித்தேன்.

மற்ற ஐந்து பேரில் ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை ஒருவரும் அர்ச்சனைக்குப் போகவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சலாம், ஒருவனுக்கு வயிற்றுவலியாம், இன்னொருத்தி பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாளாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போய் மூன்றாம் நாள் அர்ச்சனையை நிறுத்திவிட்டார்கள். பஜனை பழையபடி ஐந்து மணிக்குப் போனது. அப்பா பாடவில்லை. யாரோ ஃபோனில் இருந்த பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அப்பா பாடாததற்குக் காரணம் கமிட்டியின் கட்டளை. நான் பொங்கலுக்கு முன்னால் கோயிலுக்கு வந்து, தேங்காய் உடைத்து, சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை எங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் எந்த வேலையும் இல்லை. "ரெண்டு நிமிஷம் போய் விழுந்துட்டு வந்துரும்மா" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சாமி முன்னுக்கு எத்தன தரம் வேணும்னாலும் விழுறேன்பா. அவங்க முன்னுக்கு விழமாட்டேன். நான் தப்புச் செய்யல" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் வேறு பேச்சு ஓடியது. அம்மன் பூசையை நிறுத்தியவள் எப்படிப் பாஸாவாள் என்று தண்ணீர்ப் பைப்படியில் என் காதுபடவே பேசினார்கள். எனக்கு அம்மன் மேல் கோபம் இல்லை, அம்மனுக்கும் என் மேல் இருந்திருக்காது. அவளையும் நாலரை மணிக்குத்தானே எழுப்பினார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தடவையும் மூன்று எஸ் வந்தால், அது பௌதிகம் விளங்காததால் வந்தது என்று ஒருவரும் நம்பப்போவதில்லை. தெய்வ குற்றம் என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். எனக்குப் பின்னால் பயோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கும் அதையே காட்டி வாயை அடைப்பார்கள். அந்த ஆத்திரத்திலேயே படித்தேன். கடைசி வாரம் பௌதிக எம்.சி.கியூவில் நாற்பது எடுத்தேன்.

எனக்குப் பரீட்சை நிலையம் கண்டி டவுனில். முதல் பஸ்ஸில் போனால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பஸ் தரிப்பிடம் வரை அப்பா டோர்ச் அடித்துக்கொண்டு கூடவே வருவார், பேசமாட்டார். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். பஸ் வந்ததும் திரும்பிப் போய்விடுவார். மண்டபத்தில் என்னைச் சுற்றி எல்லோரும் என்னைப் போல இரண்டாவது, மூன்றாவது தடவை எழுதுகிறவர்கள். அந்த மண்டபத்தில் ஒருவரும் ஒருவரைப் பார்த்து ஏன் இன்னும் எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. அந்த நிம்மதியில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

கடைசிப் பேப்பர் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அம்மா சொன்னார். குசினியில் எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கெமிஸ்ட்ரி எழுதப் போன அன்னிக்கி ஒங்கப்பா கோயில்ல விழுந்துட்டாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கால் தடுக்கி விழுந்தாரா என்று கேட்டேன்.

"ஒனக்குப் பதிலா. தேங்கா ஒடச்சு, தலைவர் முன்னுக்கு, சபையில. பரீட்ச எழுதுற புள்ள மேல ஒரு சொல்லும் இருக்கக்கூடாதுன்னு சொன்னாரு. ஒன்கிட்ட சொல்லாதன்னாரு. பேப்பர் முடியட்டும்னு இருந்தேன்."

கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் காலையிலும் அப்பா எனக்கு டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார். பஸ் ஏற்றிவிட்டு, திரும்பும் வழியில் கோயிலுக்குப் போயிருக்கிறார். நான் பஸ்ஸில் மோல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சீமெந்துத் தரையில் விழுந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. விழுந்தவர் மேல் இல்லை. பிள்ளைக்குப் பதிலாகத் தகப்பன் விழுந்தாலும் போதும் என்று பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தார்களே, அவர்கள் மேல். மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

முடிவு வெளிவந்தபோது, சிக்னல் கிடைக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் போய் நின்று ஃபோனில் பார்த்தேன். உயிரியல் ஏ. இரசாயனம் பி. பௌதிகம் பி. டொக்டராவதற்குக் கண்டி மாவட்டத்தில் அது போதாது. விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போதும். பௌதிகத்தின் பி மட்டும் நிஜமா என்று மூன்று தரம் பார்த்தேன்.

இரண்டு நாளில் தலைவரும் கமிட்டிக்காரர்கள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பாராட்டு விழா, பொன்னாடை, சந்தியில் என் படம் போட்ட பெனர். டவுனிலிருந்து பெரிய ஆட்களும் வருகிறார்களாம். அம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

"நான் வாறதுன்னா ஒரு விஷயம் மாமா" என்றேன். "அன்னிக்கி எங்கப்பா விழுந்தாருல்ல. அதே சபையில நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

தலைவர் சிரிப்பை விடவில்லை. "அது பழைய கத பாப்பா. இப்ப ஏன் அதக் கெளறுற? நல்ல காரியம் நடக்கப்போவுது."

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் ஆயுளில் அப்பா தலைவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் தூக்குவார், போகச் சொன்னால் போவார்.

"பழைய கத இல்லீங்க தலைவரே" என்றார் அப்பா. "எனக்கு இன்னும் முட்டி வலிக்குது."

தலைவரின் சிரிப்பு நின்றது. அப்பா பார்வையைத் தாழ்த்தவில்லை. மூன்று பேரும் எழும்பிப் போனார்கள். அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார்.

நான் உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். இத்தனை மாதமாக ஒருநாளும் நான் கேட்கவில்லை. "எந்த முட்டிப்பா?" என்றேன்.

"ரெண்டும்தான்" என்றார்.